நிரூபணத்துக்குப் பிறகு

2003இல் சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில், லா நோரியா என்ற கைவிடப்பட்ட வெடியுப்புச் சுரங்க ஊரில், உலர்ந்த சிற்றுடல் ஒன்று கிடைத்தது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். கூம்பிய மண்டை. விலா எலும்புகள் 12 ஜோடிக்குப் பதில் 10. கைமாறி, விலைபேசப்பட்டு ஸ்பெயினுக்குப் போயிற்று. வேற்றுக் கிரகத்து ஜீவன் என்றார்கள் சிலர். ஜோடனை என்றார்கள் சிலர். இரு தரப்பும் கேட்டது ஒரே கேள்விதான்: இது நிஜமா?

இந்தக் கேள்வி போதாது என்பது என் கட்சி.

1842இல் பார்னம் நியூயார்க்கில் காட்டிய 'கடற்கன்னி', குரங்கின் மேலுடலையும் மீனின் வாலையும் இணைத்த வேலை. அங்கே நிஜமா என்ற கேள்வியோடு விஷயம் முடிகிறது. ஏமாந்தவனின் காசு போயிற்று, அவ்வளவுதான். பீங்கான் பொம்மைகள் செய்யும் இந்த விருத்தாசலத்தில் பொம்மைக்காக யாரும் துக்கம் காப்பதில்லை.

அடகாமா உடல் நிஜமாக இருந்ததுதான் விபரீதம். 2013இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு அதை மனித உடல் என்றது. 2018இல் மரபணுத் தொகுதி முழுவதையும் ஆராய்ந்த கட்டுரை வந்தது. பெண் சிசு, சிலி வம்சாவளி, எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணு மாற்றங்கள் உண்டு என்றது. அதே வருஷம் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள்: விகாரம் ஏதுமில்லை, நாலு மாதம்கூட நிறையாத சாதாரணக் கரு, மனித சிசு என்று தெரிந்தபின் மேற்கொண்டு ஆராய என்ன அவசியம், யார் அனுமதி? சிலியிலிருந்தும் கண்டனம் எழுந்தது.

விஞ்ஞானம் செய்த உபகாரத்தை மறுக்க முடியாது. சோதித்திராவிட்டால் அந்தச் சிசு இன்றும் வேற்றுக் கிரகவாசியாகவே காட்சிக்கு இருந்திருக்கும். ஆனால் நான் வேலை பார்க்கும் வங்கியில் நகைக்கடனுக்கு உரசிப் பார்க்கும் கல், தங்கத்தின் மாற்றைச் சொல்லும். யார் கழுத்திலிருந்து கழன்றது என்று சொல்லாது. எந்த நிரூபணத்துக்கும் எல்லை அதுதான்.

சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பெயரில் உள்ள புறநானூற்றுப் பாட்டு (74), செத்துப் பிறந்த சிசுவையும் உருவற்ற பிண்டத்தையும் மனிதக் கணக்கிலிருந்து நீக்காத வழக்கத்தைச் சொல்கிறது. அதிலுள்ள வாள் பெருமை எனக்கு வேண்டாம். கணக்கில் சேர்த்துக்கொள்ள உருவ லட்சணம் பார்க்காத மனம் வேண்டும்.

லா நோரியாவில் அந்த உடல் வெள்ளைத் துணியில் சுற்றி, ஊதா நாடாவால் கட்டப்பட்டிருந்ததாகச் சொல்கிறார்கள். அப்படியானால், அது நிஜமா என்ற சந்தேகம் கட்டியவருக்கு இருந்திருக்க முடியாது. நம் ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.