அரிப்பும் அறமும்

கல்துகள் நுரையீரலில் படிந்து உயிரைக் குடித்த நோயை நந்திதுர்க் சுரங்க மக்கள் நன்கறிவர். அத்தகைய கொடுமையைக் கண்டவர்க்குத் தோலில் தோன்றும் அரிப்பு அற்பமாகவே தோன்றும். ஆயினும், உயிரைப் பறியாத துன்பம் சிறிய துன்பந்தானா? இவ்வினாவை ஆராய்வோம்.

சித்த மருத்துவர் காளாஞ்சகப்படை என்றும், ஆங்கில மருத்துவர் சோரியாசிஸ் என்றும் வழங்கும் நோயை எடுத்துக்கொள்வோம். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் நெறி பிறழ்வதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர வேண்டிய தோல் சில நாட்களிலேயே செதில் செதிலாக உதிர்கிறது. இது தொற்றுநோய் அன்று. அடியோடு நீக்கும் மருந்து இல்லையெனினும் அடக்கி வைக்கும் மருந்துகள் உண்டு.

இந்நோயருள் பெரும்பாலோரை வருத்துவது அரிப்பே. இரவில் அது மிகும், உறக்கம் கெடும், மறுநாள் வேலை தளரும். சொறிந்தால் கணநேர இன்பம். பின்னர்ப் புண்பட்ட அவ்விடத்திலேயே புதிய படை தோன்றுவதும் உண்டு. தோல்நோயரின் வாழ்வுத் தரத்தை அளக்க 1994இல் கார்டிப் நகர மருத்துவர்கள் 10 வினாக்களை வகுத்தனர். முதல் வினா அரிப்பையும் வலியையும் பற்றியது. வெட்கம், உடை, தொழில், நட்பு, இல்லறம் என்பன ஏனைய வினாக்களில் வருகின்றன. தோலில் தொடங்கிய துன்பம் வாழ்வு முழுதும் படர்வதற்கு இதுவே சான்று.

பகவான் புத்தர் இத்துன்பத்தை அற்பமெனத் தள்ளவில்லை. ஆனந்தரின் உபாத்தியாயரான பேலட்டசீசர் தோல்நோயால் வருந்தினார். கசிந்த நீரால் சீவரம் உடலோடு ஒட்டிக்கொள்ள, பிக்குகள் நீரால் நனைத்துப் பிரித்தெடுத்தனர். இதனைக் கண்ட பகவான், இத்தகைய நோயருக்கு மருந்துப் பொடியையும், புண்ணை மூடும் தனித் துணியையும் அனுமதித்தார் என்று விநயபிடகம் கூறுகிறது.

"எல்லாம் முன்வினைப் பயன்" என்று சொல்லி நோயரைக் கைவிடுவோர் உளர். இக்கொள்கையைப் பற்றி மோலிய சீவகர் வினவியபோது, பித்தம், கபம், வாதம், பருவ மாறுதல் முதலியவற்றாலும் வேதனை பிறக்குமென்றும், அனைத்தும் முன்வினை என்பது பிழையென்றும் பகவான் விளக்கினார். எனவே, நோயரைப் பாவியெனப் பழித்தல் தம்மமாகாது.

உடல் வேதனையை முதல் அம்பென்றும், அதனால் மனம் புழுங்குவதை இரண்டாம் அம்பென்றும் பகவான் உவமித்தார். மூன்றாம் அம்பும் ஒன்றுண்டு. அதனை எய்பவர் நாமே. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், தங்கவயல் மக்கள் பலர் நாள்தோறும் புகைவண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அந்நெருக்கடியிலும், கையில் செதிலுள்ளவர் அமர்ந்தால் அருகிலிருப்பவர் எழுந்து விலகுவதுண்டு. அதற்கஞ்சி அவர் கோடையிலும் முழுக்கைச் சட்டை அணிவார். வெப்பத்தால் அரிப்பு இன்னும் மிகும்.

தொட்டால் தீட்டு என்னும் பொய் மனிதரை எவ்வளவு வாட்டும் என்பதை நமக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டுமோ? சாதித் தீண்டாமையை வெறுத்துத் திரிசரணம் புகுந்த நாம், தோல் செதிலைக் கண்டு விலகுவோமாயின், விட்டதை மீண்டும் எடுத்தவராவோம்.

ஆகவே, நோயர் அருகில் அமர்க, அவரோடு உண்க, "சொறியாதே" என்று அதட்டாது தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. முதல் அம்பைத் தணிப்பது மருத்துவம். இரண்டாவதைத் தடுப்பது அவரவர் பயிற்சி. மூன்றாவதை எய்யாதிருப்பது நம் கடமை.