குளிர்ந்த காலின் சாட்சி

பிறந்து சில நாளே ஆன குழந்தையின் கையோ காலோ இரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போவது அபூர்வம்தான். அபூர்வம் என்பதற்காக அது எழுப்பும் கேள்வி சிறியதாகிவிடாது. நோகிறது என்று சொல்லத் தெரியாத உடலுக்காகச் சாட்சி சொல்வது யார்? அந்தச் சாட்சியை ஏற்பது யார்?

மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். ஒரு பெரிய தேநீர்க் கோப்பை கொள்ளும் அளவு. நாடிகளோ நூல்போல. உடலில் நீர் வற்றினாலும் கிருமி இரத்தத்தில் பரவினாலும் இரத்தம் உறைந்து நாடியை அடைக்கக்கூடும். குறைமாதப் பிள்ளையைக் காப்பாற்றவென்று தொப்புள் நாடிவழியே செலுத்தப்படும் மெல்லிய குழாயும் சில வேளை இதைச் செய்துவிடுகிறது. உயிரைக் காத்த குழாயே கால்விரலைக் கொண்டுபோகிறது. இங்கே யாரைக் குற்றவாளி என்பது?

குழாய் போட்டவரை அல்ல என்பதே என் எண்ணம். அது இல்லாவிட்டால் பிள்ளையே இருந்திராது. குற்றம் என்று ஒன்று இருக்குமானால் அது பின்வரும் மணித்தியாலங்களில்தான் தொடங்குகிறது. பிறந்த புதிதில் இரண்டு பாதங்களும் ஒருசேரச் சற்று நீலம் பாரிப்பது இயல்பு. ஒரு கால் மட்டும் வெளிறிக் குளிர்ந்து கிடப்பது இயல்பல்ல. அப்போதே குழாயை எடுத்து, தேவையான மருந்தும் கொடுத்தால் பல பிள்ளைகளின் கால் மீண்டுவிடும். தாமதித்தால் கறுப்பு ஏறி, ஓரிடத்தில் கோடு கட்டி நிற்கும். இந்த வேறுபாட்டை முதலில் கண்டுகொள்ளக் கருவி வேண்டாம். இரண்டு காலையும் மாறி மாறித் தொடும் ஒரு கை போதும். பெரும்பாலும் அது உம்மாவின் கை.

பிரசவம்போலப் பெண்கள் மட்டுமே அறியக்கூடிய விடயங்களில் பெண்களின் சாட்சியம் மட்டுமே போதும் என்பது நமது பிக்ஹு அறிஞர்களின் பழைய முடிவு. எத்தனை பேர் என்பதில்தான் மத்ஹபுகள் வேறுபட்டன. நீதிமன்றத்தில் செல்லுபடியான அந்த வார்த்தை வைத்தியசாலை வார்ட்டில் "சும்மா பயப்படாதீங்க" என்பதோடு முடிந்துவிடுவது விசித்திரம். பத்துத் தாய்மாரில் ஒன்பது பேர் வீணாகப் பயந்திருக்கலாம், தாதியருக்கும் களைப்பு உண்டு. ஆயினும் வீண்பயத்தின் விலை இரண்டு நிமிடம்.

2023இல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்ற எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் இடது கை, கானுலா பொருத்தப்பட்ட பின் பழுதடைந்து அகற்றப்பட்டது. விடயம் நீதிமன்றம்வரை போனது. யார் பிழை என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு நோகுது என்று சொல்ல வாய் இருக்கிறது. சிசுவுக்கு அதுவுமில்லை.

எங்கள் தீவுகளில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பிறகு புங்குடுதீவு, வேலணை தாண்டிப் பண்ணைவரை தரைவழி. பிள்ளையோடு வீடு திரும்பியபின் மணிக்கட்டில் இறுக்கிய கறுப்பு நூலோ, விரலில் சுற்றிக்கொண்ட தாயின் தலைமயிரோ இதே வேலையைச் செய்துவிடலாம். (குளிர்ந்த விரலுக்குச் சூட்டு ஒத்தடம் கொடுப்பவர்களும் உண்டு. இரத்தம் ஓடாத தோல் வெந்துபோகும், வேண்டாம்.) நூலை அறுத்தும், மயிரை எடுத்தும் நிறம் திரும்பவில்லை என்றால் கடல் கடக்கத்தான் வேண்டும். வாடைக்காலம், இரவு, அலை வேறு. ஒரு தாயின் சொல்லை நம்பிப் படகை இறக்குவதா, விடியட்டும் என்பதா? விடியட்டும் என்பவர் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டா சொல்கிறார்?