வெளி கண்டால் விரைவோம்

 

சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது நமக்குப் பாட்டன் காலத்துப் பழக்கம். 1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்த பின் மேற்குக் கரையில் பிரயாணம் இலகுவாயிற்று. ஆயினும் பெந்தோங்கிலிருந்து குவா மூசாங் வழியாகக் கோத்தா பாரு செல்லும் எட்டாம் எண் சாலையில் பெரும்பகுதி, போக ஒரு தடம், வர ஒரு தடம் என்றே இருக்கிறது. முன்னே மரம் ஏற்றிய லோரி ஊர்கிறது; பின்னே நம் வேன். சந்தைக்கு நேரமாகிறது. அவ்வேளை நெஞ்சில் எழும் அவசரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

ஹிஜ்ரி 10-ல் (கி.பி. 632) நாயகம் (ஸல்) அவர்கள் தங்கள் இறுதி ஹஜ்ஜில் அரஃபாத்திலிருந்து முஸ்தலிஃபாவுக்குப் புறப்பட்டார்கள். பெருங்கூட்டம். ஒட்டகத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தவாறு, வலக்கரத்தால் சைகை காட்டி, நிதானமாகச் செல்லும்படி மக்களை ஏவினார்கள். அப்பொழுது அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து வந்தவர் உஸாமா (ரலி) அவர்கள். நாயகம் எவ்வாறு சென்றார்கள் என்று பிற்காலத்தில் அவரிடம் கேட்கப்பட்டது. நடுத்தரமாகச் சென்றார்கள், வெளி கண்டபொழுது விரைந்தார்கள் என்பதே அவர் விடையின் சாரம். புகாரி ஷரீபில் இது பதிவாகியிருக்கிறது.

ஆகவே விரைவது குற்றமன்று. வெளி இல்லாத இடத்தில் விரைவதே குற்றம்.

எவ்வளவு வெளி வேண்டும்? நாம் வியாபாரிகள்; கணக்குப் போட்டே பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் 12 மீட்டர் லோரியை நாம் 90-ல் முந்துகிறோம். முன்னும் பின்னும் 20 மீட்டர் விட்டுக் கடந்து நம் தடத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 7 வினாடி ஆகும். அதற்குள் நாம் 175 மீட்டர் ஓடிவிடுவோம். எதிரே 90-ல் வருபவரும் 175 மீட்டர் வந்துவிடுவார். ஆக 350 மீட்டர் வெறுஞ்சாலை தெரிந்தாலும் கையில் மிச்சம் ஒன்றுமில்லை. அதைவிட மிக அதிகம் தெரிந்தாலன்றி வெளியேறலாகாது.

லாபம் என்ன? லோரியின் பின்னாலேயே 10 கிலோமீட்டர் போனால் 10 நிமிடம். முந்திப் போனால் 6 நிமிடம் 40 வினாடி. லாபம் 3 நிமிடம் 20 வினாடி. போட்ட முதலோ உயிர்! இந்த வியாபாரத்தை எந்த முதலாளி செய்வார்?

நாமும் இதைச் செய்தவர்களே. ஒரு நாள் முன்னே சென்ற கார் லோரியை முந்திற்று. நாமும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினோம். அவர் கண்ட வெளி அவருக்கு மட்டுமே என்பதை, எதிரே மோட்டார் சைக்கிளைக் கண்ட பிறகே உணர்ந்தோம். ஒரு தகப்பன், பின்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை. அவர் சாலையை விட்டுப் புல்லில் இறங்கினார். அல்ஹம்துலில்லாஹ், விழவில்லை. நாம் நிற்காமலே போய்விட்டோம்.

அன்றிரவு கடைக் கணக்கு முடிந்தது. இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. அல்லாஹ்வுக்குச் செய்த குறைக்கு அவனிடம் தௌபா செய்யலாம். அடியானுக்குச் செய்த அநீதியை அந்த அடியானே மன்னிக்கவேண்டும். அவர் யார்? எந்தக் கம்பம்? எங்கே போய்த் தேடுவோம்?

ஆதலால் சகோதரர்களே, இரட்டைக் கோடு, வளைவு, மேடு, சந்திப்பு, கனமழை ஆகியவற்றில் பொறுத்திருப்போம். லோரியை ஒட்டிப் போகாமல் சற்றுப் பின்தங்கினால் சாலை கண்ணுக்குத் தெரியும். கண்ணாடியில் பின்னே பார்த்து, சிக்னல் போட்டு, அதன் பிறகே வெளியேறுவோம். பிறர் நம்மை முந்துகையில் ரோஷப்பட்டு வேகத்தைக் கூட்டாமல், குறைத்து இடம் கொடுப்போம். பாதையிலிருந்து தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். இதுவும் அதைச் சேர்ந்ததே.

கடையில் உட்கார்ந்துகொண்டு, "எங்கே இருக்கிறாய், இன்னுமா வரவில்லை?" என்று டிரைவருக்குப் போன் மேல் போன் போடும் முதலாளிக்கும் இதில் பங்குண்டு. ரிஸ்கை அளப்பவன் அல்லாஹ். லோரியின் பின்னால் பத்து நிமிடம் இருந்ததால் அது குறைந்துவிடாது.

யா அல்லாஹ்! எங்கள் கைகளால் எவர் வீட்டிலும் ஜனாஸா விழாமல் காப்பாயாக! பொறுமையை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.