போலியும் பொய்யும்

தமிழ் இலக்கணத்தில் ‘போலி’ என்றொரு பகுதி உண்டு. மயல் என்பதை மையல் என்றும், அமச்சு என்பதை அமைச்சு என்றும், பந்தல் என்பதைப் பந்தர் என்றும் எழுதலாம். ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றாலும் பொருள் மாறுவதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் இதனைக் கற்பித்தவள் நான். “இலக்கணத்தில் போலி குற்றமன்று, கடைத்தெருவில்தான் குற்றம்” என்று மாணவியரிடம் வேடிக்கையாகக் கூறுவதும் உண்டு. அந்த வேடிக்கைப் பேச்சினுள் எத்துணைப் பெரிய அறவினா அடங்கியிருக்கிறது என்பதை எழுபது வயது கடந்த பின்னர், கடல் கடந்த ஊரில், என் பேரன் கேட்ட கேள்வியால் உணர்ந்தேன்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழும் என் மகளின் இல்லத்தில் ஒரு கோடையில் சில திங்கள் தங்கியிருந்தேன். பேரனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நம் காலத்துச் சிறுவர்கள் தீப்பெட்டிப் படங்களையும் தபால்தலைகளையும் சேர்த்தது போல, அங்குள்ள பிள்ளைகள் போக்கிமான் அட்டைகளைச் சேர்க்கின்றனர். 1996-இல் ஜப்பானில் தோன்றிய விளையாட்டு அது. 1999-இல் அமெரிக்காவிற்கு வந்தது. உறையிலிட்டு விற்கப்படும் அவ்வட்டைகளுள் சில அரிதாகவே கிடைக்கும். அரியவற்றிற்கு விலை மிகுதி. என் பேரன் பல மாதங்கள் சேர்த்த அறுபது டாலரைக் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சாரிசார்ட் என்னும் தீயுமிழும் சிறகு விலங்கின் அட்டையை வாங்கி வந்தான். அன்றிரவு அதனைத் தலையணையின் அடியில் வைத்துக்கொண்டு உறங்கினான்.

மறுநாள் அவனுடைய நண்பன் கைவிளக்கை அட்டையின் பின்னே பிடித்துக் காட்டினான். உண்மையான அட்டையில் இரு தாள்களுக்கிடையே ஒளியைத் தடுக்கும் கருநிற அடுக்கு இருக்கும். இவனுடைய அட்டையிலோ ஒளி தாராளமாக ஊடுருவி வந்தது. அட்டை போலி. அடுத்த வாரம் சந்தைக்குச் சென்றபோது அந்தக் கடைக்காரரும் அங்கில்லை.

இரண்டு நாள் வாடியிருந்த பிள்ளை மூன்றாம் நாள் என்னிடம் வந்தான். அடுத்த தெருவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், அந்த அட்டையை ஐம்பது டாலருக்குக் கேட்கிறானாம்.

“பாட்டி, நான் பொய்யே சொல்லப் போறதில்லை. இது உண்மையான அட்டையான்னு அவன் கேட்டால், இல்லைன்னு சொல்லிடுவேன். அவன் கேட்கவே இல்லைன்னா? என்னை ஒருத்தர் ஏமாத்தினார். நான் யாரையும் ஏமாத்தலையே. அது தப்பா?”

உடனே விடை கூற என் நாவு எழவில்லை. அதன் காரணத்தை இறுதியில் கூறுகிறேன். முதலில் வினாவை முறையாக ஆராய்வோம்.

இத்தகைய அட்டைகளைப் பற்றி மேலைநாட்டில் நெடுநாளாக ஒரு விவாதம் நடந்து வருகிறது. 1993-இல் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ என்னும் அட்டை விளையாட்டே அவ்விவாதத்தின் முதன்மைக் களம். அதன் தொடக்ககால அட்டைகள் சிலவற்றை மீண்டும் அச்சிடுவதில்லை என்று 1996-இல் அந்நிறுவனம் வாக்களித்தது. சேகரித்தோரின் பொருள் மதிப்பிழக்கலாகாது என்பது நோக்கம். விளைவு யாதெனில், அவ்வட்டைகளின் விலை விண்ணை முட்டியது. ‘பிளாக் லோட்டஸ்’ என்னும் அட்டை ஒன்று 2024-இல் 30 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஆட விரும்பும் எளியவர் என் செய்வார்? நகல் அச்சிட்டுக்கொள்கிறார். “நான் ஆடுவதற்கே அச்சிடுகிறேன், பழைய அட்டையைப் பிறரிடம் வாங்கினாலும் நிறுவனத்திற்கு ஒரு காசும் போவதில்லை, இதனால் யாருக்கு இழப்பு?” என்பது அவர் வாதம். “சந்தையில் ஐயம் புகுந்தால் எந்த அட்டையையும் யாரும் நம்பி வாங்க இயலாது” என்பது சேகரிப்போர் வாதம்.

2016-இல் நிறுவனம் தன் நிலையை விளக்கியது. சொந்த விளையாட்டிற்காகக் கையால் எழுதி வைத்துக்கொள்ளும் மாற்று அட்டையில் அதற்குத் தடையில்லை. உண்மை அட்டை போலவே தோன்றும் கள்ள அட்டையை மட்டும் ஏற்காது. ஆனால் 2022-இல் அந்நிறுவனமே தன் பழைய அட்டைகளின் நகல்களை, வேறுபட்ட பின்புறத்துடன், போட்டிகளில் பயன்படுத்தலாகாது என்னும் விதியுடன், அறுபது அட்டை 999 டாலர் என விற்றது. “நீங்கள் அச்சிட்டால் நினைவுப்பொருள், நாங்கள் அச்சிட்டால் குற்றமோ?” என்று பலர் சினந்தனர். அச்சினத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

எனினும் குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்றபோது, கணக்குப் பாடத்திற்காக அட்டையில் வட்டம் வெட்டி, ‘10 காசு’, ‘25 காசு’ என எழுதி, பிள்ளைகளைக் கடை வைத்து விளையாடச் செய்தோம். அதுவும் போலிக் காசுதான். அதனால் ஏமாந்தவர் எவருமில்லை. தன்னைப் போலியென்று தானே அறிவிக்கும் போலி பொய்யாகாது. அமெரிக்காவில் 1973-இல் இயற்றப்பட்ட சேகரிப்பாளர் பாதுகாப்புச் சட்டம் இக்கருத்தையே கொண்டது. பழங்காசுகளின் நகலைச் செய்வதை அது தடுக்கவில்லை. ‘நகல்’ என்னும் சொல்லை அதன்மீது பொறிக்க வேண்டும் என்றே விதித்தது. விளையாட்டு அட்டைகளை அச்சட்டம் குறிப்பிடவில்லை. ஆயினும் அறம் ஒன்றுதான்.

இங்கு நகலாளரிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. அவ்விளையாட்டை ஆடுவோர் அட்டைகளைப் பின்புறம் தெரியாத உறைகளில் இட்டே ஆடுகின்றனர். ஆட்டத்திற்கு வேண்டியது முன்புறம் ஒன்றே. அங்ஙனமாயின், பின்புறத்தின் நிறமும், தாளின் கனமும், உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரியும் மைப்புள்ளிகளும்கூட அச்சு மாறாமல் அமைந்த நகலைத் தேடி வாங்குவது எதற்காக? ஆடுவதற்கு அது வேண்டுவதில்லையே. “நான் விற்கமாட்டேன்” என்று அவர் உண்மையாகவே கூறலாம். ஆயினும் பொருள் நம் எண்ணத்தைவிட நெடுநாள் வாழ்வது. அவருக்குப் பின் அப்பெட்டியைத் திறப்பவருக்கு அவ்வெண்ணம் தெரியாது. அட்டை மட்டுமே தெரியும்.

மறுதலையாக, பொருள் உண்மையாக இருந்தும் பொய் நிகழ்வதுண்டு. 1909 முதல் 1911 வரை அமெரிக்காவில் சிகரெட் பெட்டிகளுடன் வெளியான பேஸ்பால் அட்டைகளுள் ஹோனஸ் வாக்னரின் அட்டை மிக அரியது. அவற்றுள் விளிம்பு கெடாத ஒன்று 1991-இல் 4,51,000 டாலருக்கும், 2007-இல் 28 லட்சம் டாலருக்கும் விலைபோயிற்று. ஒரு காலத்தில் அதனை விற்ற ஏல வணிகர், அதன் விளிம்புகளைத் தாமே நறுக்கிச் சீராக்கியதாக 2013-இல் ஒப்புக்கொண்டார். தாள் உண்மை, மை உண்மை, காலமும் உண்மை. சொல்லாமல் விட்ட ஒன்றே பொய். எனவே குற்றத்தின் இருப்பிடம் அச்சுப்பொறியும் அன்று, கத்தரிக்கோலும் அன்று. மறைப்பு என்பது தெளிவாகிறது.

நம் முன்னோர் இதனை நுட்பமாக வகுத்துள்ளனர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில், கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களை உமாசுவாமி ஆசாரியர் எண்ணுகிறார். களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளைப் பெறுதல், அரசின் விதியை மீறிய வாணிகம், குறைத்தும் கூட்டியும் அளத்தல் ஆகியவற்றோடு ஐந்தாவதாகப் பிரதிரூபக வியவகாரம், அஃதாவது போலியை உண்மைப் பொருளாக வழங்குதல், இடம்பெறுகிறது. போலி வணிகத்தைப் பொய்யாமையின்கீழ் வைக்காமல் கள்ளாமையின்கீழ் வைத்திருப்பது எண்ணத்தக்கது. வாய் ஒரு பொய்யும் கூறாதிருக்கலாம். கை எடுத்துக்கொண்டது எடுத்ததுதான். ‘அவன் கேட்கவில்லை’ என்னும் என் பேரனின் வாதம் இங்கேதான் நொறுங்குகிறது. உண்மையான அட்டையின் விலையைக் கொடுப்பவன் அவ்விலையாலேயே கேட்டுவிட்டான். அதனைப் பெற்றுக்கொள்பவன் அக்கையாலேயே விடையும் சொல்லிவிட்டான்.

முதலில் தானும் ஏமாந்தவன் என்பது குற்றத்தைக் குறைக்காதா? குறைக்கும், ஆனால் நீக்காது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் (2024 சூலை 1 முதல் அதனிடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது) இவ்விருவரையும் பிரித்தே நோக்கியது. இந்திய நாணயத்தின் போலியைப் பெறும்போதே அறிந்திருந்து பிறரிடம் தள்ளியவனுக்குப் பத்தாண்டு வரை சிறை. பெறும்போது அறியாது, பின்னர் அறிந்து தள்ளியவனுக்கு இரண்டாண்டு வரை சிறையோ, நாணய மதிப்பின் பத்து மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ. ஏமாந்தவன்பால் சட்டம் இரக்கம் காட்டிற்று. குற்றமற்றவன் என்று மட்டும் கூறவில்லை. ஏமாற்றப்பட்டவன் துன்பம் அடைந்தவன். அத்துன்பத்தை அடுத்தவன் மடியில் இறக்கிவைக்கும் கணத்தில் அவன் முதல் கள்வனின் கையாளாகிறான்.

மறைத்தது மறைந்தே இருக்கும் என்பதும் உறுதியில்லை. 1996-இல் உருவான போக்கிமான் முன்மாதிரி அட்டைகள் என மதிப்பிட்டு விற்கப்பட்டவற்றுள் சில, 2024-இல் அச்சிடப்பட்டவை என்பது 2025 சனவரியில் வெளிப்பட்டது. வண்ண அச்சுப்பொறிகள் பல, கண்ணுக்குப் புலப்படாத மஞ்சள் புள்ளிகளால் அச்சிட்ட நாளைத் தாளிலேயே பதித்துவிடுகின்றன. இதனைப் படித்தபோது, செய்பவன் அறியாமலே உயிரோடு வந்து ஒட்டும் வினைத்துகள்கள் என் நினைவுக்கு வந்தன.

இனி, என் நாவு எழாததன் காரணத்தைக் கூறவேண்டும்.

1973-ஆம் ஆண்டு. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். யாரோ மீதியாகக் கொடுத்த பத்து ரூபாய் நோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. இரு வேறு நோட்டுகளின் பாதிகளைச் சேர்த்து ஒட்டியது; எண்கள் பொருந்தவில்லை. இரண்டு கடைகளில் மறுத்துவிட்டனர். மாதக் கணக்கு வாங்கத் தயிர்க்கார அம்மாள் அந்தி மயங்கிய நேரத்தில் வந்தார். நோட்டை நான்காய் மடித்து அவர் கையில் வைத்தேன். அவர் விரித்துப் பார்க்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து வாசலில் நின்று, “டீச்சரம்மா, யாரோ ஒட்டு நோட்டைக் குடுத்துட்டாங்க. பத்து வீட்டுல வாங்கினதுல எதுன்னு தெரியல. ஒங்க வீட்டு நோட்டா இருக்காது, அது மட்டும் தெரியும்” என்றார்.

நான் ஒன்றும் கூறவில்லை. அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஐம்பது ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாத இதனை அன்று என் பேரனிடம் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, “அந்த அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்தியா பாட்டி?” என்று கேட்டான். இல்லை என்றேன். மாற்றல் வந்தது, ஊர் மாறினேன், துணிவு வந்த காலத்தில் அவர் உயிரோடில்லை.

மறுநாள் அவன் அச்சிறுவனிடம் உண்மையைச் சொன்னான். சிறுவன் அட்டையை வேண்டாம் என்று போய்விட்டானாம். அறுபது டாலரும் திரும்பவில்லை. அறம் எப்போதும் கைந்நிறைய லாபம் தரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் ஒருவகைப் போலிதான். ஆகவே நான் அவ்வாறு சொல்லவில்லை. மாலையில் அவன் அழியாத மையால் அட்டையின் பின்புறத்தில் ஆங்கிலத்தில் ‘நகல்’ என எழுதினான். என்னிடம் எழுத்துக் கேட்டு அதன் கீழே தமிழில் ‘போலி’ என்றும் எழுதினான். அந்த அட்டையை வைத்து இன்றும் விளையாடுகிறான். இனி அதனால் எவருக்கும் தீங்கில்லை. அது வெறும் போலி, பொய்யன்று.

ஆண்டுதோறும் தசலட்சண பருவம் நிறைவுற்றதும், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்குமாறு அனைவரிடமும் வேண்டுகிறோம். கை குவித்து நிற்கும்போதெல்லாம் அந்தி வெளிச்சத்தில் நோட்டை விரித்துப் பாராமலே முடிந்துகொண்ட அந்த முந்தானை என் கண்முன் வருகிறது. அவர் பார்க்காதது கண் மங்கியதால் அன்று. டீச்சர் வீட்டு நோட்டு என்று நம்பியதால். பத்து ரூபாயைக் காட்டிலும் பெரியதொன்றை அன்று நான் எடுத்துக்கொண்டேன். அதனைத் திருப்பிக் கொடுக்கும் வழி இன்றும் எனக்குத் தெரியவில்லை. இதனைப் படிப்போருள் எவரிடமேனும் அத்தகைய நோட்டு ஒன்று இருக்குமாயின், கொடுத்தவர் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுக.