தந்தையின் செவி

மறைந்தவர் விட்டுச் செல்லும் பொருள்கள் இருவகைப்படும். நிலம், வீடு, நகை, வைப்புத்தொகை ஆகியவை விலை உள்ளவை. மூக்குக்கண்ணாடி, கைத்தடி, அடிக்கோடிட்ட புத்தகங்கள், பழைய இசைத்தட்டுகள் ஆகியவை விலை சொல்ல முடியாதவை. முதல் வகையைப் பங்கிடச் சட்டம் இருக்கிறது. இரண்டாம் வகையை என்ன செய்வது என்று சட்டம் சொல்வதில்லை. அதற்கு நாம் சாஸ்திரத்தையும் நம் மனச்சான்றையுமே நாட வேண்டும்.

நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரிலிருந்து வந்த தமிழ் அன்பர் ஒருவர் சத்சங்கத்தில் எழுப்பிய வினா இதைப் பற்றியதே. அவருடைய தந்தை காலமாகி ஆண்டுத் திதியும் முடிந்திருந்தது. மச்சிலிருந்து இறக்கிய மரப்பெட்டியில் கனமான பழைய அரக்குத் தட்டுகளும் பிற்கால வினைல் தட்டுகளுமாக எழுபதுக்கு மேல் இருந்தன. நகரத்திலிருந்து வந்த ஒருவர் அவற்றுக்கு விலை பேசினார். விற்றுவிடலாம் என்றார் அக்கா. கூடாது என்றார் தம்பி. அந்தப் பேச்சிலிருந்து இருவருக்கும் இடையே பேச்சே நின்றுவிட்டது.

"அந்தப் பாட்டுகளைக் கேட்டால் அப்பா பக்கத்து அறையில் இருப்பதுபோலத் தோன்றுகிறது. இது பாசமா, பக்தியா? வைத்திருப்பது பற்றா? விற்பது துரோகமா?" என்று அவர் கேட்டார். தந்தையின் கடைசி ஆண்டுகளில் இரவும் பகலும் பேணியவர் அக்காதான் என்பதையும் அவரே சொன்னார். அதே பாட்டுகள் அக்காவின் செவியில் மருந்து நெடியையும் உறக்கமற்ற இரவுகளையும் கொண்டுவந்து சேர்த்தன. ஒருவருக்கு ஆறுதல் தருவது மற்றவருக்கு ஆறாத துயரம் தந்தது. இருவரில் எவரும் அன்பு குறைந்தவர் அல்லர். எனவேதான் இந்த வினாவுக்கு அவசரமாக விடை சொல்லலாகாது.

ஒப்படைக்கும் சடங்கு

ரிக்வேதத்தைச் சார்ந்த கௌஷீதகி உபநிஷதத்தில் ஓர் அரிய பகுதி உண்டு. தம் இறுதி நெருங்கியதை உணர்ந்த தந்தை மகனை அழைக்கிறார். வீட்டில் புதுப்புல் பரப்பி, அக்னி வளர்த்து, நீர்க்குடம் வைத்து, புத்தாடை போர்த்துப் படுத்திருக்கிறார். மகன் அருகே வந்து தன் புலன்களால் தந்தையின் புலன்களைத் தொடுகிறான். தம் வாக்கை அவனிடம் வைப்பதாகத் தந்தை சொல்கிறார். ஏற்றுக்கொண்டதாக மகன் சொல்கிறான். பிராணன், கண், செவி, உண்ட சுவை, செய்த வினை, இன்பதுன்பம் என்று ஒவ்வொன்றும் இவ்வாறே கைமாறுகின்றன.

இதில் வீடும் மாடும் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்படைக்கப்படுவது ஒரு மனிதர் உலகை அறிந்த விதம். இச்சடங்குக்குப் பிறகு தந்தை பிழைத்தெழுந்தால், அவர் மகனின் ஆளுகையில் வாழ வேண்டும், அல்லது துறவியாகப் புறப்பட்டுவிட வேண்டும் என்றும் உபநிஷதம் கூறுகிறது. கொடுத்தது கொடுத்ததுதான் என்னும் உறுதி அதில் தெரிகிறது.

அந்தச் சடங்கு இன்று நம் இல்லங்களில் நடப்பதில்லை. பலருக்கு மருத்துவமனையில் கடைசிச் சொல் கேட்கும் வாய்ப்பும் கிட்டுவதில்லை. ஆனால் தந்தை தம் செவியை வைத்துவிட்டுப் போன இடம் சில வீடுகளில் இருக்கிறது. அவர் எதைத் தேடி வாங்கினார், எதைத் தேயுமளவு கேட்டார், எதை உறை கிழியாமல் காத்தார் என்பதை ஓர் இசைத்தட்டுப் பெட்டி நமக்குச் சொல்கிறது. பெற்றோர் நம்மிடம் பேசியது ஒரு பங்குதான். அவர்கள் தனிமையில் கேட்டது மற்றொரு பங்கு. அந்தப் பங்கு மகனுக்கு மட்டும் உரியதன்று, மகளுக்கும் உரியது.

பெட்டிக்குள் ஒரு நாடு

அதியன்னூர் இருக்கும் நெய்யாற்றின்கரை வட்டத்தின் வரலாறு அத்தகைய பெட்டிகளிலும் எதிரொலிக்கும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாகாணத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தில் எல்லைக்கோடு விழுந்தது, செவியில் விழவில்லை. தமிழ்ப் பாடலும் மலையாளப் பாடலும் ஒரே ஊசியின் கீழ் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்றன.

அந்த வட்டத்தில்தான் நெய்யாற்றின் கரையில் அருவிப்புரம் இருக்கிறது. 1888-இல் ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக அங்கே பிரதிஷ்டை செய்தார். சாதி வேற்றுமையும் மதப் பகைமையும் இன்றி எல்லோரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் அது என்னும் கருத்தமைந்த சுலோகத்தையும் அருளினார். 1961 நவம்பர் 14 அன்று, அந்நாள் சென்னையில், 'கால்பாடுகள்' என்னும் மலையாளப் படத்துக்காக ஓர் இளைஞர் தம் முதல் திரையிசைப் பதிவைப் பாடினார். அவர் பாடியது அருவிப்புரத்தின் அந்தச் சுலோகமே. அந்த இளைஞர் கே. ஜே. யேசுதாஸ். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்; நாடக மேடையில் பாடி நடித்த அகஸ்டின் ஜோசப்பின் மகன். தந்தையே அவருக்கு முதற்குரு. தந்தை தம் செவியை மகனிடம் வைத்தார். அந்தச் செவியின் வழியே குருவின் சொல் நாட்டுக்கெல்லாம் கிடைத்தது.

தமிழகத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி, சிறுமியாக இருந்தபோது கிராமபோனைக் கண்டு வியந்து, காகிதத்தைக் குழல்போல் சுருட்டி அதனுள் மணிக்கணக்காகப் பாடுவாராம். 1926-இல், பத்து வயதில், அவருடைய முதல் இசைத்தட்டு வெளியானது. உடன் வீணை வாசித்தவர் அவருடைய தாயே. 1963-இல் வந்த வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத்தொகையை அவர் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்கு அளித்தார். தாயிடமிருந்து பெற்றது முன்பின் அறியாத வேத மாணவர்களுக்குச் சென்றது. பெற்றோரிடமிருந்து பெற்றது அடுத்தவருக்குப் போய்ச் சேரும்போதுதான் பித்ருக்களுக்கு நாம் பட்ட கடன் தீர்கிறது.

தேயும் ஊசி

இசைத்தட்டு செய்யப்பட்ட விதத்திலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளில் முக்கியமான பொருள் அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் மொய்த்து வாழும் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. உலகம் முழுவதும் ஒலித்த பாடல்களுக்கு நம் நாட்டுக் காடுகளின் அரக்கே பெருமளவு பயன்பட்டது. அந்த அரக்கோடு நுண்ணிய கல்தூளைக் கலந்து தட்டை வார்த்தார்கள்.

கல்தூள் எதற்கு? கனமான ஒலிப்பெட்டியின் எடை முழுவதும் ஓர் எஃகு ஊசியின் முனையில் இறங்குகிறது. இரண்டில் ஒன்று தேய்ந்தே ஆக வேண்டும். தட்டு தேய்ந்தால் பாட்டு போய்விடும். ஆகவே ஊசி தேயும்படி தட்டைக் கடினமாக்கினார்கள். சுழற்சி தொடங்கியதும் கல்தூள் ஊசியின் முனையை உராய்ந்து பள்ளத்தின் வடிவுக்கு ஏற்பச் செதுக்கிவிடும். ஒரு பக்கம், அதாவது ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு, முடிந்ததும் அந்த ஊசியை எடுத்தெறிந்து புதிய ஊசி பொருத்த வேண்டும். அதனால்தான் பழைய கிராமபோன்களுடன் சிறிய தகர டப்பாவில் நூற்றுக்கணக்கான ஊசிகள் இருந்தன.

அன்பர்களே, பெற்றோர் என்பவர் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான உவமை வேண்டுமா? பாட்டு நமக்குக் கிடைக்கத் தாங்கள் தேய்ந்தவர்கள் அவர்கள். நாமோ பாட்டின் இனிமையில் ஊசியை மறந்துவிடுகிறோம். தந்தையின் கடைசி ஆண்டுகளில் உறக்கம் தொலைத்துப் பேணிய அந்த அக்காவும் ஊசியே. தந்தையின் பாட்டைப் போற்றும் தம்பி, தேய்ந்த அக்காவின் கையைப் பற்றாமல் இருப்பாரானால், அவர் தட்டை வைத்துக்கொண்டு இசையை இழந்தவர் ஆவார்.

வைத்திருப்பதா, கொடுப்பதா?

இனி வினாவுக்கு வருவோம். கடோபநிஷதத்தில் நசிகேதன் யமனிடம் கேட்ட முதல் வரம் என்ன? ஆத்ம ஞானம் அன்று. சொர்க்கம் தரும் அக்னி வித்தையும் அன்று. தன் தந்தையின் மனம் கோபம் தணிந்து அமைதியுற வேண்டும் என்பதே. பித்ரு காரியத்தில் முதலிடம் பெற்றோரின் மன அமைதிக்குத்தான். தாம் விட்டுச் சென்ற பெட்டியால் தம் மக்கள் பேசாமல் இருப்பதை எந்தத் தந்தையின் ஆன்மா விரும்பும்? ஆதலால் முதற்காரியம் சமாதானம். பெட்டியின் கதி அதற்குப் பின்னரே.

அடுத்து, கேட்பது. தட்டை மாலையிட்டு அலமாரியில் பூட்டி வைப்பதும் அதைக் கேட்காமலே விற்பதும் ஒன்றே. இரண்டிலும் செவி திறக்கவில்லை. தந்தை எந்தப் பாட்டில் கண் கலங்கினார், எந்தப் பாட்டில் இறைவனைத் தேடினார் என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். நம் மரபு கேட்பதைச் சிரவணம் என்று சாதனையின் முதற்படியாக வைத்தது. வள்ளுவப் பெருந்தகை கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் கேட்க இயலாத துயரில் இருப்பவரைக் கேட்கும்படி வற்புறுத்தலாகாது. அக்காவின் காலம் வரும்வரை காத்திருப்பதும் ஒரு தவமே.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. பழைய 78 தட்டின் பள்ளம் அகலமானது. வினைல் தட்டின் பள்ளம் நுண்மையானது. ஒன்றுக்குரிய ஊசியை மற்றதில் வைத்தால் ஒலியும் கெடும், தட்டும் கெடும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். இவற்றை அறிந்த ஒருவரைக் கொண்டு டிஜிட்டல் பதிவாக்கினால், ஒரே பாட்டை அக்காவும் தம்பியும் பேரப்பிள்ளைகளும் வைத்துக்கொள்ளலாம். நிலத்தைப் பிரித்தால் குறையும். பாட்டைப் பகிர்ந்தால் குறையாது.

மூன்றாவதாக, கொடுப்பது. கேட்டு நிறைந்த பின் தட்டுகளை உரியவரிடம் சேர்ப்பது துரோகமன்று. மும்பையில் 1990-இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் அமைந்தது. கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில் ஆர்வலர் ஒருவர் தம் வாழ்நாள் சேகரிப்பைக் கொண்டு 2015-இல் ஒரு கிராமபோன் அருங்காட்சியகமே தொடங்கினார். பிறர் எறிந்ததைக் காத்த இத்தகையோரின் கையில் ஒரு தந்தையின் தட்டுகள் சேர்வது தானமே ஆகும். இருவரும் மனமொத்து விற்றாலும் பிழையில்லை. அத்தொகையில் ஒரு பகுதி இசை பயிலும் ஓர் ஏழைக் குழந்தைக்குச் சென்றால் அது மேலும் சிறப்பு.

பற்று எது, பக்தி எது என்று பிரித்தறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. எம்.எஸ். அவர்களின் பஜகோவிந்த இசைத்தட்டு அக்காலத்தில் பல இல்லங்களில் இருந்தது. ராஜாஜியின் முன்னுரை அதன் தொடக்கத்தில் ஒலிக்கும். பொருளையும் உறவையும் இறுகப் பற்றாதே, இறைவனை நாடு என்று இடித்துரைப்பது அந்நூல். அந்தத் தட்டுக்காகவே உடன்பிறந்தார் சண்டையிட்டால் அது பற்று. அந்தத் தட்டு சொல்வதைக் கேட்டு மனம் இளகினால் அது பக்தி.

1977 செப்டம்பர் 5 அன்று விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர்-1 கலத்தில் தங்க முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்றை அமெரிக்க விஞ்ஞானிகள் வைத்தார்கள். அதில் நம் நாட்டின் கேசர்பாய் கேர்க்கரின் பைரவி ராகப் பாடலும் இடம்பெற்றது. கலம் புறப்பட்ட பதினொன்றாம் நாள், செப்டம்பர் 16 அன்று, அந்த அம்மையார் மறைந்தார். பாடியவர் மறைந்தார், பாட்டு இன்றும் பயணம் செய்கிறது. அந்தத் தட்டை அனுப்பியவர்கள் உடன் ஓர் ஊசியையும் வைத்து அனுப்பினார்கள். ஊசி இல்லாத தட்டு ஊமை என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் முன்னோர் பதித்துச் சென்ற நல்ல சம்ஸ்காரங்களும் அப்படித்தான். அவை நம்முள் பள்ளங்களாகக் காத்திருக்கின்றன. ஒலிக்க ஓர் ஊசி வேண்டும். சிறிது தேயச் சம்மதிக்கும் உள்ளமே அந்த ஊசி. உங்கள் இல்லத்தில் இசைத்தட்டு இல்லாமலிருக்கலாம். தாய் முணுமுணுத்த ஒரு பாட்டு, தந்தை விடியலில் உச்சரித்த ஒரு நாமம் இருக்கும். இன்றிரவு உடன்பிறந்தாரை அழைத்து, "அம்மா எதைப் பாடுவார்கள், நினைவிருக்கிறதா?" என்று கேளுங்கள். அவர்கள் பாடும்போது பொறுமையாகக் கேளுங்கள். தந்தையின் செவி, தாயின் செவி உங்களிடம் வந்து சேரும். அதுவே அவர்களுக்கு நாம் விடும் எள்ளும் நீரும்.