கை கழுவினால் போதுமா?

2020 ஏப்ரல். ஊரடங்கு தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. காதில் ஹெட்செட், மடியில் நான்கு வயது மகள், லேப்டாப்பில் ஒரு படப்புத்தகம். 'க்ரஃபலோ'வுக்குப் படம் வரைந்த ஆக்செல் ஷெஃப்லர்தான் குழந்தைகளுக்கான இந்தக் கொரோனா புத்தகத்துக்கும் வரைந்திருந்தார். லண்டனின் நோஸி க்ரோ பதிப்பகம் இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருந்தது. கொரோனா என்றால் என்ன, எப்படித் தொற்றும், இனி என்ன நடக்கும் என்று கேள்வி கேள்வியாகப் போகும் புத்தகம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் படம் பார்த்தாள்.

"அப்போ நாம கை கழுவினா தாத்தாவுக்கு வராதுல்ல?"

"வராதுடா செல்லம்."

அது பொய்யா? அன்று அப்படித் தோன்றவில்லை. 'தொற்றும் வாய்ப்பு குறையும்' என்பதை நான்கு வயதுக்கு ஏற்றபடி சுருக்கிவிட்டேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நிகழ்தகவை ஒரு சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அவள் முகத்தில் வந்த நிம்மதி எனக்கும் தேவைப்பட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

2021 மே, இரண்டாம் அலை. அப்பா மருத்துவமனைக்குப் போன ஒன்பதாம் நாள் இறந்துபோனார். அவள் எதுவுமே கேட்கவில்லை. சில வாரங்கள் கழித்து, வாஷ்பேசின் முன் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தவள் திரும்பாமல் கேட்டாள்: "அப்பா, நான் சரியா கழுவலையா?"

ழான் பியாஜே குழந்தைகளின் ஒழுக்க உணர்வு பற்றி 1932-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு சோதனை வரும். ஆப்பிள் திருடிவிட்டு ஓடும் பையன் இற்றுப்போன பாலத்தில் கால் வைக்க, பாலம் உடைந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் விழுந்திருப்பானா? மாட்டான் என்பார்கள் சின்னப் பிள்ளைகள். கெட்டது நடந்தால் அதற்குப் பின்னால் ஒரு தப்பு இருந்தே ஆக வேண்டும் அவர்களுக்கு.

நாம் மட்டும் வளர்ந்துவிட்டோமா? துக்கம் விசாரிக்க போன் செய்தவர்கள் கேட்டது நினைவிருக்கிறது. "மாஸ்க் போட்டாரா? எங்கயாவது கல்யாணத்துக்குப் போனாரா?" அவர்களும் அந்தப் பாலத்துக்கு ஒரு திருட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால், பிறகு உட்கார்ந்து பேசுவோம். என்ன நடந்தது என்று கேட்கலாம், யாரால் என்று கேட்கக் கூடாது. அலுவலகத்தில் இதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற நான், வீட்டில் ஒரு குழந்தையின் கையில் தாத்தாவின் உயிரைக் கொடுத்துவிட்டிருந்தேன்.

2020-இல் வந்த இன்னொரு புத்தகத்தை அன்றிரவு எடுத்தேன். ஹெலன் படக் எழுதி வரைந்த 'மை ஹீரோ இஸ் யூ'. அந்தத் தலைப்பே எனக்கு இப்போது உறுத்தியது. குழந்தையை ஹீரோ ஆக்கினால், தோற்கும்போது அது என்ன செய்யும்? ஆனால் உள்ளே சாரா என்ற சிறுமியின் அம்மா ஒரு விஞ்ஞானி. அவராலும் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

மகள் அங்கே நிறுத்தினாள். "அது அவங்க தப்பா?"

"இல்லடா. முயற்சி பண்ணாங்க. முடியல."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன்: "நீ கை கழுவினது நல்ல விஷயம். நல்லாத்தான் கழுவின. வரவே வராதுன்னு நான் சொன்னதுதான் தப்பு. அது எனக்கே தெரியாது."

குழந்தையிடம் எல்லா உண்மையையும் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் ஆறுதல் மோசமான நாளையும் தாங்குமா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். நல்ல நாளுக்கு மட்டும் பொருந்துகிற வார்த்தை, கெட்ட நாளில் அந்தக் குழந்தையின் மேலேயே குற்றமாக வந்து விழுகிறது. 'என்னால் முடிந்ததைச் செய்வேன், உன்கூடவே இருப்பேன்' என்பது சின்ன வாக்குறுதிதான். ஆனால் அதை என்னால் காப்பாற்ற முடியும்.

போர்வைக்குள்ளிருந்து அவள் கேட்டாள்: "தெரியாதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்லப்பா?"

சொல்லியிருக்கலாம்.