மறைநூல் கொடையும் ஈகை அறமும்: கொச்சி, நெல்லைச் சான்றுகளை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழ் அச்சு வரலாற்றில் கொச்சி பெறும் இடத்தைத் தமிழாய்வாளர் நன்கறிவர். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 16 பக்க அளவினதாகத் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. மறு ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. இரண்டும் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழுலகம் வழங்கும் என்றிக்கே என்றிக்கசின் உழைப்பில் விளைந்தவை. இவற்றின் எழுத்து வடிவம், சொல்லாட்சி, கடன்சொற்கள் ஆகியன பற்றி ஆய்வுகள் பல உள. இந்நூல்களை அச்சிடப் பணம் தந்தவர் யார் என்பதோ பெரும்பாலும் ஒரு வரியில் கூறிக் கடந்து செல்லப்படுகிறது. அந்த ஒரு வரியிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

முத்துக்குளித்துறைப் பரதவர் இவ்வச்சுப் பணிக்கென ஏறத்தாழ 400 குருசாடோ அளித்தனர். குருசாடோ என்பது அக்காலப் போர்த்துக்கீசிய நாணயம். மறைநூல் கொடுத்தல், மறையுரைப்போரைத் தாங்குதல் என்னும் இருபணிகளும் இன்று கிறித்தவ அறப்பணி என்றே வழங்கப்படுகின்றன. கொச்சி மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல் போன்ற பகுதிகளிலும், நெல்லைச் சீமையின் சிற்றூர்களிலும், மறைநூற் படிகளை விலையின்றி வழங்குவோரையும், எங்கோ உள்ள ஒரு போதகருக்கு மாதந்தோறும் ஒரு தொகை அனுப்புவோரையும் காணலாம். இச்செயல் ஈகையாகுமா? ஆகுமெனின் இதில் ஈவோர் யார், ஏற்போர் யார்? வினா எளிதாகத் தோன்றலாம். விடை அவ்வாறன்று.

ஈகையும் ஒப்புரவும்

திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் அடுத்தடுத்த அதிகாரங்கள். வறியவருக்குக் கொடுப்பதே ஈகை. பிற கொடைகள் அளவறிந்து திரும்பப் பெறும் நோக்குடையன என்பது வள்ளுவர் வகுத்த எல்லை. இவ்வளவுகோலை அப்படியே கொண்டால் மறைநூல் கொடை ஈகையின் புறத்தே நிற்கும். நூலைக் கொடுப்பவர் பெறுவோரிடம் ஒன்றை எதிர்நோக்குகிறார். அவர் படிக்க வேண்டும், படித்து மனம் மாற வேண்டும் என்பதே அந்த எதிர்நோக்கு. இதனை மறைப்பதில் பயனில்லை. அறப்பணியாளருள் நேர்மையானவர் மறைப்பதும் இல்லை.

ஒப்புரவு இதனின் வேறானது. ஊர்நடுவே உள்ள நீர்நிலையையும் பழமரத்தையும் வள்ளுவர் அங்கு உவமையாக்குகிறார். ஊருணியிடம் நீர் பெறுவோன் இரவலன் அல்லன். அவன் அவ்வூரின் குடி. தன் ஊரார்க்கு நல்லதெனத் தான் கருதுவதைப் பொதுவில் வைப்பது ஒப்புரவு. மறைநூல் கொடையை ஈகை என்பதைக் காட்டிலும் ஒப்புரவின்பாற் படுத்துவதே பொருந்தும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஆயின் அதற்கொரு நிபந்தனை உண்டு. கொடுப்போரும் கொள்வோரும் ஓரூரார் ஆக வேண்டும். இடத்தால் இயலாவிடின் உறவாலேனும் ஆக வேண்டும்.

இவ்வகைக் கொடை கிறித்தவத்தோடு தமிழகம் வந்ததன்று. சமணர் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை பொன்னனின் சாந்திபுராணத்தை 1000 படிகள் எடுப்பித்து வழங்கிய செய்தி புகழ்பெற்றது. தஞ்சைப் பெரியகோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தி, நபர் ஒருவருக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்குமாறு முதலாம் இராசராசன் செய்த ஏற்பாடு கல்வெட்டில் உள்ளது. மறை ஓதுவாரைத் தாங்குதல் அறம் என்பதில் இம்மண்ணின் சமயங்கள் வேறுபட்டதில்லை.

இவ்விடத்தில் மணிமேகலையை நினைத்தல் தகும். அமுதசுரபி பசித்தவன் எவனாயினும் அவனுக்குச் சோறிடுகிறது. உண்டவன் எச்சமயத்தான் என அது வினவுவதில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் மணிமேகலை அங்கிருந்தோருக்கு உணவிட்டாளேயன்றி, உணவிற்கு விலையாகப் பௌத்தத்தைக் கேட்கச் செய்தாள் அல்லள். அறம் கேட்கும் பகுதிகளோ பின்னர்த் தனியே வருகின்றன. வஞ்சியில் சமயக்கணக்கரைத் தானே தேடிச் சென்று வினவுகிறாள். காஞ்சியில் அறவண அடிகளிடம் தானே விரும்பிக் கேட்கிறாள். உணவு கேளாமலே வருகிறது; அறம் கேட்டபின் வருகிறது. பௌத்தத்தைப் பரப்ப எழுந்த ஒரு காப்பியமே இவ்வேறுபாட்டைப் பேணியிருப்பது எண்ணத்தக்கது.

கொச்சிக்கு வந்த பரதவர்

இனிக் கொச்சிக்குத் திரும்புவோம். முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் நலிந்த பரதவரின் தூதுக்குழுவினர், 1530களின் நடுவில் போர்த்துக்கீசியரின் காப்பை நாடி இக்கொச்சிக்குத்தான் வந்தனர். இங்கேயே திருமுழுக்கும் பெற்றனர். அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் கடற்கரை ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். இதனைத் தூய சமய மாற்றம் என்று கூறுவார் இன்று அரியர். கப்பற்படையின் காப்புக்கு ஈடாகச் சமயம் கைக்கொள்ளப்பட்டது. மறைநூலின் ஒரு சொல்லையும் அவர்கள் அப்போது தம் மொழியில் கேட்டிருக்கவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே கொச்சியில் அவர்களுக்கான தமிழ் நூல் அச்சேறுகிறது. செலவில் அவர்கள் பணமும் இருக்கிறது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலான தொலைவே இங்குப் பொருட்படுத்தத்தக்கது. முதலில் வந்தவர்கள் காப்புத் தேடியவர்கள். பின்னர் நூலுக்குப் பொருள் தந்தவர்கள் அந்நூலைத் தமதாக்கிக் கொண்டவர்கள். அப்பணமும் முழு விருப்பத்தோடு தரப்பட்டதா என ஒருவர் ஐயுறலாம், ஐயம் நியாயமானதே. போர்த்துக்கீசியர் ஆளுகைக்குட்பட்ட கடற்கரையில் விருப்பத்தையும் கட்டாயத்தையும் பிரித்தறிதல் எளிதன்று. எனினும் அண்டிரிக் அடிகளார் கடற்கரை மக்களின் மொழியை அவர்களிடமே கற்று, அவர்களுக்கு விளங்கும் தமிழில் எழுத நேர்ந்ததை இக்கொடையிலிருந்து பிரித்துக் காண இயலவில்லை.

கொச்சியைப் பொறுத்தவரை இன்னொரு செய்தியும் உண்டு. 1806-07 ஆண்டுகளில் இப்பகுதிக்கு வந்த கிளாடியஸ் புக்கானன் என்னும் ஆங்கிலக் குருவானவர் கொச்சி யூதர்களிடமிருந்து எபிரேயச் சுவடிகளைத் திரட்டினார். மலங்கரைச் சபையின் ஆயர் மார் திவன்னாசியோஸ் பழைய சிரியாக் மறைநூற் சுவடியொன்றை அவருக்கு அளித்தார். இவை இன்று கேம்பிரிட்ஜில் உள்ளன. காயங்குளம் பிலிப்போஸ் இறம்பான் மலையாளத்தில் பெயர்த்த நற்செய்திகள் புக்கானனின் முயற்சியால் 1811இல் பம்பாயில் அச்சாயின. மறைநூலைக் கொடுக்க வந்தவர் முதலில் மறைநூலைப் பெற்றுச் சென்றார் என்பது மறக்கத்தக்கதன்று. அக்கொடுக்கல் வாங்கலில் நிறை சமமாக இருந்ததா என்பது வேறு வினா. மூலச்சுவடி கடல் கடந்தது, அச்சுப்படி ஊருக்கு வந்தது.

ஊழியரின் உணவு யார் கையில்?

போதகரைத் தாங்குதலில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. நூல் ஒருமுறை கொடுக்கப்படுவது. ஊதியமோ மாதந்தோறும் வருவது. மாதந்தோறும் கொடுக்கும் கைக்கு நிறுத்தும் ஆற்றலும் உண்டு.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் தமிழ் உரைநடைக்கும் இலக்கணத்திற்கும் ஆற்றிய பணி தமிழ்த்துறையினர் அறிந்தது. அவர் உபதேசியார் பலரை ஊர்தோறும் அமர்த்தினார். துன்புறுத்தப்பட்ட கிறித்தவருக்கு நிலமும் குடியிருப்பும் வாங்கத் தர்ம சங்கம் ஒன்றையும் 1830இல் தொடங்கினார். ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு ஒழுங்கு பற்றி அவர் வெளிப்படையாக எழுதியதால் 1835இல் சர்ச் மிஷன் சங்கம் அவரை நீக்கியது. அவர் ஆர்க்காடு சென்றார். உபதேசியார் அழைக்கவே மீண்டு வந்தார். சபைகள் இரண்டாகப் பிரிந்தன. அவரோடு நின்ற உபதேசியாருக்குச் சங்கத்தின் ஊதியம் இல்லை. நண்பர்கள் அனுப்பிய நன்கொடைகளே ஆதாரம். 1838இல் அவர் மறைந்தபின் பிளவு மெல்லத் தணிந்தது.

இந்நிகழ்ச்சியில் இரேனியுசின் பக்கம் நியாயமா, சங்கத்தின் பக்கம் நியாயமா என ஆராய்வது திருச்சபை வரலாற்றாசிரியர் பணி. நமக்கு வேண்டுவது உபதேசியாரின் நிலை. வழிபாட்டு நூல் பற்றிய கருத்து வேற்றுமை இலண்டனில் எழுந்தது. அதனால் அடுப்பெரியுமா என்னும் கவலை திருநெல்வேலிச் சிற்றூரில் எழுந்தது. அவ்வூர்ச் சபையார் உபதேசியாரைப் போற்றினர். ஆயினும் அவர் உணவு அவர்கள் கையில் இல்லை. ஓதுவார்க்கு நெல் அளந்தவன் அரசன் ஆயினும் அந்நெல் சோழநாட்டு வயலில் விளைந்தது. கடல்கடந்து வந்த ஊதியத்துக்கு அவ்வாறான மண்ணுறவு இல்லை. சர்ச் மிஷன் சங்கச் செயலாளராக 1841 முதல் 1872 வரை விளங்கிய ஹென்றி வென், சுதேச சபைகள் தம்மைத் தாமே தாங்கவும் ஆளவும் பரப்பவும் வேண்டும் என வற்புறுத்தியது இத்தகைய பட்டறிவின் பயனே எனலாம்.

அதனைச் செயலில் காட்டியவர் நெல்லையர். 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. தமிழர் பணத்தால், தமிழ் ஊழியரை, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு அனுப்பியது அது. அதன் தொடக்கத்தில் முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேலைநாட்டார் பொருளும் உழைப்பும் தந்தும் நட்பைத் தரவில்லை என்னும் கருத்தை வெளிப்படையாகவே முன்வைத்தார். கொடுத்தவர் முன்னிலையில், கொடை போதாது என்று கூறுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். தானும் கொடுப்பவனாக இருந்தமையால் அவருக்கு அது வாய்த்தது என்று கருதலாம்.

காந்தியடிகள் 1936-37 ஆண்டுகளில் ஹரிஜன் இதழ்வழி, ஒடுக்கப்பட்ட ஏழை மக்களால் சமயக் கோட்பாடுகளை எடைபோட இயலாது என்றும், அவர்களிடையே செய்யும் அறப்பணியோடு சமயப்பரப்பலைக் கலத்தல் தகாது என்றும் வாதிட்டார். பிற்பகுதி மணிமேகலை காட்டும் நெறியோடு ஒத்தது. அதனை இக்கட்டுரையாளர் ஏற்கிறார். முற்பகுதியை ஏற்க இயலவில்லை. ஏழைக்குத் தேரும் ஆற்றல் இல்லை என்பதே, அவனுக்கு மேலிருந்து நூலை இறக்கும் கொடையாளியின் எண்ணமும் ஆகும். எதிர்ப்பவரும் கொடுப்பவரும் ஒரே பிழையில் சந்திக்கின்றனர். 400 குருசாடோ தந்த பரதவர் இருவருக்கும் விடை.

வறுமையுற்ற சபை தன் போதகரைத் தாங்க இயலாதபோது வெளியுதவி தீதாகுமா என்று வினவலாம். தீதன்று. ஆயின் உதவும் தொகை சபையின் கணக்கில் சேர்ந்து, சபையார் கையால் போதகரை அடைவதற்கும், அனுப்புவோர் கையிலிருந்து நேரே அவரை அடைவதற்கும் அறத்தளவில் வேற்றுமை பெரிது. முன்னதில் போதகர் தம் மக்களுக்கு விடையிறுப்பார். பின்னதில் ஒளிப்படமும் எண்ணிக்கையும் கேட்கும் தொலைவிலுள்ளோர்க்கு விடையிறுப்பார்.

நெல்லைப் பகுதிக் கிறித்தவ இல்லங்களில் பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையிடும்போது அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவர்; நிறைந்ததும் அது கோயிலுக்குச் செல்லும். இதனை மிச்சத்திலிருந்து தரும் கொடை என்று கூற முடியாது. சோறு வடித்தபின் எடுப்பதன்று, உலையில் இடுமுன் எடுப்பது. அன்று அவ்வீட்டில் எத்தனை பேர் உண்ண வேண்டும் என்பதை அறிந்த பெண்ணே அப்பிடியின் அளவையும் முடிவு செய்கிறாள்.